கூட்ஸ் வண்டிக்கு ஏன் அந்தக் காவி நிறம், தெரியுமா?

ரயில்வே கேட்டில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணியிருப்பீர்களே, அந்தக் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளின் மங்கிய செம்பழுப்பு நிறம் கண்டம் விட்டுக் கண்டம் நூறாண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரி சுமந்த வேகனுக்கும் அதே நிறம். ஜெர்மனியில் உருளைக்கிழங்கு ஏற்றிய வேகனுக்கும் அதே நிறம். இங்கிலாந்திலும் அதே குடும்பத்துப் பழுப்பு. நம் ஊர்த் தண்டவாளத்திலும் அதைத்தான் நிறையப் பார்க்கிறோம். இத்தனை ரயில் கம்பெனிகளும் ஓரிடத்தில் கூடி முடிவெடுத்தார்களா? இல்லவே இல்லை! ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள், எல்லோருக்கும் ஒரே விடை வந்தது. அந்த விடையின் பெயர் இரும்பு ஆக்சைடு.

பெயர் புதிதாகத் தெரிகிறதா? ஜன்னல் கம்பி, கிரில் கேட் செய்யும் பட்டறையில் முதல் பூச்சாக அடிக்கிறார்களே, ரெட் ஆக்சைடு, அதேதான்! நம் கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு நடுவே ஓடும் காவிப் பட்டையின் நிறமும் இதே பொருள் தந்ததுதான். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் காவிக்கல்லை அரைத்து, சிப்பி ஓட்டில் குழைத்து வைத்திருந்ததைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தச் சிப்பியில் இருந்த நிறமியும் சிகாகோ யார்டில் நின்ற வேகனின் நிறமியும் வேதியியலில் உறவுக்காரர்கள்! மனிதன் முதன்முதலில் கையில் எடுத்த நிறங்களில் ஒன்று, அவன் கண்டுபிடித்த மிகக் கனமான வண்டிகளில் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இரும்பு? பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் கிட்டத்தட்ட 5 சதவீதம் இரும்புதான். ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம் இம்மூன்றுக்கு அடுத்து நான்காவது இடம். இவ்வளவு இரும்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? விண்மீன்களிலிருந்து! சூரியனைவிடப் பல மடங்கு கனமான விண்மீனின் கருவில் அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சேர்ந்து கனமான தனிமங்கள் உண்டாகிக்கொண்டே போகின்றன. இரும்பின் பக்கம் வந்ததும் அந்தச் சேர்க்கை ஆற்றல் தருவதை நிறுத்திவிடுகிறது. விண்மீன் அணைந்து வெடிக்கிறது. அந்தத் தூசி பிற்பாடு கோள்களாகிறது. அதனால்தான் இரும்பு இப்படி அள்ள அள்ளக் கிடைக்கிறது. அதனால்தான் காவி மலிவு. அதனால்தான் ஆயிரக்கணக்கில் வேகன் வைத்திருந்த ரயில் கம்பெனி அதை வாங்கியது. 1920-களில் அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்கு வேகன்கள் இருந்தன. அத்தனைக்கும் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் எந்த முதலாளியும் முதலில் விலையைத்தானே கேட்பார்?

மலிவு மட்டும் என்றால் இந்த நிறம் இத்தனை காலம் தாங்கியிருக்காது. அந்தக் கால வேகன்களில் பல மரத்தாலானவை. மேலே அடித்த பெயின்ட், ஆளி விதை எண்ணெயில் நிறமியைக் குழைத்தது. ஆளி விதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை என்பது தெரியுமா? அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது! அப்படி இறுகும்போது சூடும் வெளிவரும். எண்ணெய் துடைத்த பழந்துணிகளைக் குவித்துப் போட்டுவிட்டுப் போனால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். பெயின்ட் கொட்டகைகளில் மூடியுள்ள இரும்புத் தொட்டியில் துணியைப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த எண்ணெய்ப் படலத்துக்கு எதிரி வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் படலத்தை அரித்துப் பொடியாக்கிவிடும். இங்கேதான் இரும்பு ஆக்சைடு தன் திறமையைக் காட்டுகிறது. புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு, அடியிலுள்ள எண்ணெயையும் மரத்தையும் காக்கிறது. தன் நிறமும் லேசில் வெளுப்பதில்லை. வேறு பல சிவப்புச் சாயங்கள் சில கோடைகளிலேயே வெளிறிவிடும்போது, காவி மட்டும் அசைவதில்லை. கூடவே ஒரு சௌகரியம்: பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் தூளும் துருவும் இதே நிறம் என்பதால் அழுக்கு படிந்தாலும் கண்ணில் படாது!

அமெரிக்காவில் இந்தக் காவிக்காகவே சுரங்கம் வெட்டினார்கள், தெரியுமா? பென்சில்வேனியாவின் லீஹை கேப் பக்கம் கிடைத்த ஒரு வகை இரும்புக் கல்லைச் சூளையில் வறுத்து அரைத்தால் பழுப்புச் சிவப்புப் பொடி கிடைத்தது. அதை ‘மெட்டாலிக் பெயின்ட்’ என்று பீப்பாய் பீப்பாயாக விற்றார்கள். இந்த வியாபாரம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், வில்லியம் டீன் ஹவல்ஸ் 1885-ல் எழுதிய ‘தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாப்பம்’ நாவலின் நாயகனே ஒரு காவி பெயின்ட் முதலாளிதான்! புயலில் வேரோடு சாய்ந்த மரத்தின் குழியில் அவன் தகப்பனார் அந்தக் கல்லைக் கண்டெடுத்ததாகக் கதை.

இன்னும் வியப்பு இருக்கிறது. இரும்பு ஆக்சைடு ஒன்றுதான். ஆனால் அது தரும் சிவப்பு ஒன்றல்ல! துகளின் அளவைப் பொறுத்து நிறம் மாறுகிறது. மிக நுண்ணிய துகளாக அரைத்தால் ஆரஞ்சு சாயும் சிவப்பு. துகள் பெரிதானால் ஊதா கலந்த பழுப்பு. மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் வெளியேறி அது சிவப்புக் காவியாகிவிடும். சூளையில் இருக்கும் நேரம், வெட்டிய மலை, கலந்த களிமண், ஒவ்வொன்றும் நிறத்தை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஒரே ரயில் கம்பெனியின் இரண்டு வேகன்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒன்று செங்கல் போலவும் இன்னொன்று சாக்லேட் போலவும் தெரிந்தன. பென்சில்வேனியா ரயில்ரோடு தன் நிறத்துக்கு வேறு பெயர் தேடாமல் ‘சரக்கு வண்டி நிறம்’ என்றே குறித்தது. அந்தச் சரக்கு வண்டி நிறமும் காலத்துக்குக் காலம் மாறியது. எந்த ஆண்டில் எந்தச் சிவப்பு என்று ரயில் வரலாற்றுச் சங்கத்தார் இன்றைக்கும் சட்டையைப் பிடிக்காத குறையாக வாதாடுகிறார்கள். வாதாடட்டும், இது வாதாட வேண்டிய விஷயம்தான்!

ஜெர்மானியர்கள் இந்த வழக்கை ஒரே எண்ணில் முடித்தார்கள். 1925-ல் ஜெர்மனியில் ‘ரால்’ என்ற தர அமைப்பு தொடங்கியது. 1927-ல் வெறும் 40 நிறங்களுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் போட்டது. இன்றைக்கு நம் ஊர்ப் பெயின்ட் கடை அட்டையிலும் ரால் எண்களைப் பார்க்கலாம். அதில் 8012 என்ற செம்பழுப்புதான் ஜெர்மன் சரக்கு வேகன்களுக்கு நெடுங்காலம் அடித்த நிறம். கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், ஜெர்மன் வேகன் நிறத்தில் உங்கள் வீட்டு கேட்டுக்கே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்!

சரி, எல்லா வேகனும் காவியா? அதுதான் இல்லை. அமெரிக்கத் தண்டவாளத்தில் காவிக்கு நடுவே திடீரென்று பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் வரும். அவை ஐஸ் வேகன்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சும் லெட்டூஸ் கீரையும் பாலைவனம் தாண்டி நியூயார்க் போய்ச் சேர வேண்டும்; மின்சாரக் குளிர்பதனம் இல்லாத காலம். பெட்டியின் இரு முனையிலும் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி மறுபடி நிரப்புவார்கள். யூனியன் பசிபிக்கும் சதர்ன் பசிபிக்கும் சேர்ந்து 1906-ல் தொடங்கிய ‘பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ்’ கம்பெனியிடம் ஒரு கட்டத்தில் சுமார் 40,000 ஐஸ் வேகன்கள் இருந்தன! முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு. வெளிர்நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், காவி உள்ளே இழுத்துக்கொள்ளும். பழம் ஏற்றும் வண்டி சுத்தமாகவும் தெரிய வேண்டுமல்லவா? காவி வேகனை யாரும் தேய்த்துக் கழுவியதில்லை. இந்த ஆரஞ்சு வேகன்களையோ கழுவிக் கழுவி வைத்தார்கள்.

இதே ஐஸ் வேகன்கள் ஒரு சட்டச் சண்டைக்கும் காரணமாயின. இறைச்சி, பீர், ஊறுகாய், மிட்டாய் என்று ஒவ்வொரு கம்பெனியும் வேகனை வாடகைக்கு எடுத்து, பக்கச் சுவர் முழுக்கத் தன் விளம்பரத்தை வண்ண வண்ணமாக எழுதிக்கொண்டது. ஹைன்ஸ் ஊறுகாய் ஒரு பக்கம், பேபி ரூத் மிட்டாய் ஒரு பக்கம். ஊர் ஊராகப் போகும் விளம்பரப் பலகைக்கு ரயில்வேதான் கூலி வாங்காமல் இஞ்சின் கொடுத்தது! போட்டிக் கம்பெனிக்காரர் தன் சரக்கை எதிரியின் பெயர் எழுதிய வண்டியில் ஏற்றுவாரா? மாட்டார். வேகன் காலியாகத் திரும்பியது. இந்த இலவச விளம்பரம் மறைமுகத் தள்ளுபடி என்று முறையீடு போனது. 1934-ல் அமெரிக்காவின் மாநிலங்களிடை வணிக ஆணையம் அந்த விளம்பரங்களுக்குத் தடை போட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்த வண்ணமெல்லாம் அழிந்தது. நிறத்தின் மேல் தீர்ப்பு எழுதப்பட்ட அபூர்வ வழக்கு இது!

இங்கிலாந்துக்கு வாருங்கள். அங்கே வேகனின் நிறத்தைப் பார்த்தே அதற்கு பிரேக் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம், தெரியுமா? 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வே அரசுடைமை ஆன பிறகு விதி இப்படி: இஞ்சினிலிருந்தே டிரைவர் பிடிக்கக்கூடிய வேக்கம் பிரேக் இருந்தால் பாக்சைட் என்று அழைக்கப்பட்ட செம்பழுப்பு, அந்த வசதி இல்லாவிட்டால் சாம்பல். அதற்கு முன்பே எல்.என்.இ.ஆர். கம்பெனி இதே வழக்கத்தில் இருந்தது. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள், உயிர் போகும் விஷயம்! சாம்பல் வேகன்கள் மட்டும் கோத்த வண்டி மலைச்சரிவுக்கு வந்தால், சரிவின் தலையிலேயே வண்டியை நிறுத்துவார்கள். ஆட்கள் இறங்கி நடந்து, கையில் கம்பு வைத்து நெம்பி, வேகன் வேகனாகக் கை பிரேக்கை அழுத்தி மாட்டுவார்கள். பிறகுதான் வண்டி இறங்கும். கீழே போனதும் மறுபடி நின்று, ஒவ்வொன்றையும் விடுவிக்க வேண்டும். பாக்சைட் வேகன்கள் சில கிடைத்தால் அவற்றை இஞ்சினை ஒட்டி மாட்டி, பிரேக் பலத்தைக் கூட்டிக்கொள்வார்கள். யார்டில் மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் ஷண்டிங் ஆளுக்கு அந்தப் பழுப்பு தூரத்திலிருந்தே சேதி சொன்னது.

அதே இங்கிலாந்தில் சாம்பல் நிறமே தனக்குத்தானே கறுத்துப்போகும் கதையும் உண்டு! அந்தக் காலச் சாம்பல் பெயின்ட், ஈய வெள்ளையில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து செய்தது. நிலக்கரி எரியும் ஊர்களின் காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். ஈய வெள்ளை அதோடு சேர்ந்தால் ஈய சல்பைடாக மாறும். ஈய சல்பைடு கறுப்பு. ஆக, வெளிர் சாம்பலில் பணிமனையை விட்டுக் கிளம்பிய வேகன் ஓட ஓடக் கருஞ்சாம்பலாகியது. யாரும் தூரிகையைத் தொடவில்லை, ஊர்க்காற்றே பெயின்ட் அடித்தது!

எழுத்தறியாத தொழிலாளிக்காக வேகனில் படம் வரைந்தார்கள் என்பது தெரியுமா? லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தன் வேகன்களில் பெயரை எழுதாமல் இரண்டு வெள்ளை வைர வடிவங்களை மட்டும் வரைந்தது. படிக்கத் தெரியாதவரும் யாருடைய வண்டி என்று கண்டுகொள்வார். நிலக்கரி வியாபாரிகளோ நேர் எதிர். சொந்த வேகனில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று அடித்து, ஆளுயர வெள்ளை எழுத்துக்கு நிழல் போட்டு, ஊர்ப் பெயரோடு எழுதிவைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தத் தனியார் வேகன்களை அரசு பொதுவில் எடுத்துக்கொண்டது. பிறகு அவற்றுக்குப் பெயின்ட் அடிக்க யாருக்கும் நேரமில்லை, பணமுமில்லை. வண்ணம் உதிர்ந்து வெறும் பலகை தெரிய ஓடின. அந்த எழுத்துக்கலைஞர்களின் கைவண்ணம் அப்படிக் கரைந்து போனதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

எனக்கு இத்தனையிலும் மிகப் பிடித்தது ஜப்பானின் மஞ்சள் பட்டை. ஜப்பான் தேசிய ரயில்வேயின் சாதாரண வேகன்கள் கறுப்பு. 1968 அக்டோபரில் நாடு முழுவதும் கால அட்டவணையை மாற்றி, சரக்கு ரயிலின் வேகத்தை மணிக்கு 65 கிலோமீட்டரிலிருந்து 75-ஆக உயர்த்தினார்கள். அதற்கு வேகன்களின் வில்லையும் தாங்கியையும் மாற்றியாக வேண்டும். மாற்ற முடியாத பழைய வேகன்களை என்ன செய்வது? ஒன்று தப்பி வேகமான வண்டியில் மாட்டிவிட்டால் தடம் புரளும்! கறுப்பு உடம்பின் குறுக்கே மஞ்சள் பட்டை ஒன்று போட்டார்கள், எண்ணோடு ஒரு குறியெழுத்தும் சேர்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை வடக்கே ஹொக்கைடோ தீவுக்கு அனுப்பி அங்கேயே ஓட வைத்தார்கள். தூரிகையின் ஒரே இழுப்பில் ஒரு வண்டியின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது!

டேங்கர் வேகன் கதை தனி. கச்சா எண்ணெய் ஏற்றும் டேங்கருக்குக் கறுப்பு, ஏனென்றால் நிரப்பும்போது வழிகிற எண்ணெய் கறுப்பில் தெரியாது. சிமென்ட் ஏற்றும் மூடிய ஹாப்பர் வேகனுக்கு வெளிர் சாம்பல், ஏனென்றால் சிமென்ட் தூசியும் சாம்பல்! சமையல் எரிவாயு மாதிரி அழுத்தத்தில் அடைத்த வாயு என்றால் வெள்ளை. வெயிலில் சூடேறி உள்ளே அழுத்தம் கூடக் கூடாது. பிரிட்டனில் எளிதில் தீப்பற்றும் பெட்ரோல் வகை டேங்கர்களுக்கு ஒரு காலத்தில் மங்கல் மஞ்சள் உடம்பில் சிவப்புப் பட்டை, கனமான எண்ணெய்க்குக் கறுப்பு. நிறத்தைப் பார்த்தே பீடியை அணைத்துவிட வேண்டும்!

எல்லாவற்றிலும் பயங்கரமானது அமெரிக்காவில் ஹைட்ரஜன் சயனைடு ஏற்றிய டேங்கர். பளீரென்ற வெள்ளை உடம்பு. நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு, இரு முனையிலும் சுற்றிவர இன்னொரு சிவப்பு வளையம். கிறிஸ்துமஸ் மிட்டாய்க் குச்சி மாதிரி இருக்கிறதென்று ரயில்வேக்காரர்கள் அதற்கு மிட்டாய்ப் பெயரே வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பதோ மூச்சில் கொஞ்சம் ஏறினாலே ஆளைச் சாய்க்கும் விஷம். அதைக் காவியில் அடித்து மற்ற வேகன்களோடு கலந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

சின்னப் புள்ளி கூட உயிர் காத்திருக்கிறது. 1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வேவர்லி என்ற ஊரில் ஒரு சக்கரம் உடைந்து சரக்கு ரயில் தடம் புரண்டது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, மீட்பு வேலை நடக்கும்போது எரிவாயு டேங்கர் வெடித்து 16 பேர் இறந்தார்கள். அதை அடுத்து, குறிப்பிட்ட வகைச் சக்கரம் இருக்கிறதா என்று நாட்டிலுள்ள வேகன்களையெல்லாம் சோதிக்க உத்தரவு போட்டார்கள். சோதித்து, அந்தச் சக்கரம் இல்லை என்று தெரிந்த வேகனில் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு மஞ்சள் புள்ளி அடித்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்க வேகன் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், பக்கவாட்டின் கீழ்ப்பகுதியில் அந்தப் புள்ளி கண்ணில் படும்.

சரி, கடையில் பொருளை ‘பீப்’ என்று காட்டி பில் போடுகிறோமே, பார்கோடு, அது சூப்பர் மார்க்கெட்டுக்கு வருவதற்கு முன்பே சரக்கு வேகனில் கலராக ஓடியது தெரியுமா?! டேவிட் காலின்ஸ் என்ற பொறியாளர் சில்வேனியா நிறுவனத்தில் வேலை பார்த்தபோது உருவாக்கியது ‘கார்ட்ராக்’ என்ற வண்ணப் பட்டை முறை. படிக்கும் காலத்தில் பென்சில்வேனியா ரயில்ரோட்டில் வேலை செய்தவர் அவர். எந்த வேகன் எங்கே நிற்கிறது என்று தேடுவதன் அவஸ்தை தெரிந்தவர். 1961-ல் பாஸ்டன் அண்ட் மெய்ன் ரயில்பாதையில் சோதனை. 1967-ல் நாடு தழுவிய முறையாக ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பட்டையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக 13 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஆரஞ்சுச் சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு நிறங்களில் ஒரு ஜோடி. வெளிச்சம் பட்டால் வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் தாள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: தொடக்கக் குறி, வண்டி வகைக்கு ஓர் இலக்கம், சொந்தக்காரருக்கு மூன்று, வேகன் எண்ணுக்கு ஆறு, முடிவுக் குறி, கடைசியில் தப்பு கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு இலக்கம். பாதையோரம் நிற்கும் கருவி, ஓடுகிற வண்டியின் மேல் ஒளியைப் பாய்ச்சி இத்தனையையும் படித்துவிடும்! ஓஹியோவின் டிராய் நகரக் கடையில் ஒரு சூயிங் கம் பாக்கெட்டின் மேல் முதல் ‘பீப்’ ஒலித்தது 1974 ஜூன் 26. வேகன் முந்திக்கொண்டது ஏழு ஆண்டு! ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் இல்லாத ஓர் எதிரி தண்டவாளத்தில் இருந்தது: அழுக்கு. எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்து, ஐந்தில் ஒரு பட்டை வரை படிக்க முடியாமல் போனது. 1970-களின் பிற்பாதியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். வேகனை உடைக்கும் வரை அந்த வண்ணப் பட்டை மட்டும் யாரும் படிக்காமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க வேகன்களுக்கு வண்ணத் திருவிழா! லாரிகள் சரக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கிய காலம்; ரயில்வே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நியூயார்க் சென்ட்ரல் 1946-ல் ‘பேஸ்மேக்கர்’ துரித சரக்கு வண்டிக்குச் சிந்தூரச் சிவப்பும் சாம்பலும் அடித்தது. சாண்டா ஃபே தன் பெட்டிகளின் ஒரு பக்கம் ரயில்பாதை வரைபடத்தையும் மறுபக்கம் பயணிகள் ரயிலின் விளம்பரத்தையும் தீட்டியது. 1950-களில் பாங்கர் அண்ட் அரூஸ்டுக் கம்பெனி மெய்ன் மாநில உருளைக்கிழங்கு வண்டிக்கு சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தேசியக் கொடியின் நிறங்களையே பட்டைகளாகப் பூசியது. 1970-களில் சின்னச் சின்னக் கம்பெனிகளெல்லாம் நீலம், பச்சை, மஞ்சள் என்று இறங்கின. ராக் ஐலண்ட் கம்பெனி 1975-ல் திவால் மனு கொடுத்த அதே ஆண்டில் வான்நீலத்துக்கு மாறியது. ஆட்கள் அதைத் ‘திவால் நீலம்’ என்றார்கள். 1980 மார்ச் 31-ல் அந்தக் கம்பெனி மூடியது. 1976-ல் பல நொடித்த கம்பெனிகளை இணைத்து வந்த கான்ரெயிலோ தன் வேகன்களுக்குப் பேசாமல் பழைய ஆக்சைடு பழுப்பையே அடித்தது! கனடாவில் சஸ்காட்சுவன் மாகாணம் தன் கோதுமை வேகன்களுக்குப் பச்சையும், ஆல்பர்ட்டா நீலமும் பூசின. சமவெளியில் அவை ஒன்றாகக் கோத்துப் போகும் படங்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

இப்போது ஒரு பெரிய கேள்வி. நூறாண்டுக்கு முன்பு வேகன் என்ன நிறத்தில் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துத்தானே என்பீர்கள். அங்கேதான் பொறி! அன்றைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. நீலத்தை வெள்ளையாகவும், சிவப்பைக் கறுப்பாகவும் காட்டிவிடும். காவி வேகன் படத்தில் கரிக்கட்டையாக நிற்கும். அதை நம்பிக் கறுப்பு என்று எழுதினால் வரலாறே தப்பு.

பெயின்ட் மாதிரி அட்டையை நம்பலாமா? அதிலும் ஒரு பொறி! ஆளி விதை எண்ணெய்ப் பூச்சு இருட்டில் இருந்தால் மஞ்சளித்துவிடும், வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு தெளியும். அலமாரியில் பத்திரமாகப் பூட்டிவைத்த அட்டைதான் அதிகம் மாறியிருக்கும்! அருங்காட்சியகத்தில் பழுது பார்ப்பவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். வேகனின் மூலை ஒன்றில், கீல் பட்டையின் அடியில், வெயில் படாத இடமாகப் பார்த்து, மிக நுண்ணிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பார்கள். சரிவாகத் தேயத் தேய ஒவ்வொரு காலத்துப் பூச்சும் வளையம் வளையமாக வெளியே வரும்: மேலே பழுப்பு, உள்ளே இன்னொரு சிவப்பு, அதற்குள் சாம்பல் பிரைமர், நடுவில் மரம். உருப்பெருக்கியை வைத்து, ஒவ்வொரு வளையத்தையும் நிற அட்டையோடு ஒப்பிட்டு எண் குறித்துக்கொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு சாட்சி இருக்கிறது. 1942, 1943-ல் ஜாக் டெலானோ என்ற புகைப்படக்காரர் அமெரிக்க அரசுக்காக ரயில் யார்டுகளைக் கோடாக்குரோம் கலர் ஃபிலிமில் எடுத்தார். சிகாகோ பக்கத்து ப்ரோவிசோ யார்டில், குளிர்காலத்தில், நூற்றுக்கணக்கான வேகன்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் அந்தக் காவி ஒன்றல்ல: ஒன்று புத்தம்புதுச் செங்கல் நிறம், அடுத்தது புகைபடிந்த கருஞ்சிவப்பு, அதற்கடுத்ததில் வெள்ளை எழுத்து மழையில் கரைந்து கீழே கோடு கோடாக வழிந்திருக்கிறது. கோடாக்குரோமின் சாயம் இருட்டில் நன்றாகத் தாங்கும் என்பதால் எண்பது ஆண்டு கழித்தும் நேற்று எடுத்த மாதிரி இருக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள இந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்!

நம் ஊர் வேகன்களுக்கு ஒரு ஜாக் டெலானோ கிடைக்கவில்லை. ஆனால் பொன்மலையிலும் பெரம்பூரிலும் ரயில்வே பணிமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ‘எந்தப் பெட்டிக்கு எந்த நிறம் அடிச்சீங்க, எந்த வருஷம் மாத்தினாங்க’ என்று கேட்டு எழுதிவையுங்கள். வீட்டுப் பழைய ஆல்பத்தில் யாராவது கூட்ஸ் வண்டி முன்னால் நிற்கும் கலர் போட்டோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள். பின்பக்கம் பென்சிலால் ஊரையும் ஆண்டையும் குறித்து, ஸ்கேன் செய்து வையுங்கள்.